ஊட்டி மலை உங்கள் காரிடம் கேட்கும் கேள்விகள்!

கோவையிலிருந்து வடக்கே 35 கிலோமீட்டர். அதுவரை தட்டையாக வரும் சாலை, மேட்டுப்பாளையத்தில் பவானி ஆற்றைத் தாண்டியதும் பாக்குத் தோப்புகளுக்குள் நுழைகிறது. தோப்பு முடிகிற இடத்தில் நீலகிரி மலை சுவர்போல எழுந்து நிற்கிறது.

மேட்டுப்பாளையம் ரயில் நிலையம் கடல்மட்டத்திலிருந்து 326 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஊட்டி நகரமோ சுமார் 2,240 மீட்டரில். நடுவே இருப்பது ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டர் சாலைதான். அதற்குள் ஒரு கார் கிட்டத்தட்ட இரண்டு கிலோமீட்டர் உயரம் ஏற வேண்டும். திரும்பும்போது அத்தனையும் இறங்க வேண்டும்.

ஊட்டிக்குப் புறப்படும் குடும்பங்கள் எதையும் மறப்பதில்லை. 2024 மே 7 முதல் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி இ-பாஸ் கட்டாயம் என்பதால், அதை மறக்காமல் எடுத்துவிடுகிறார்கள். ஸ்வெட்டர், குல்லா, பாட்டிக்கு மாத்திரை, குழந்தைக்கு வாந்தி வராமலிருக்க எலுமிச்சம்பழம், வழியில் சாப்பிடப் புளியோதரை... எல்லாம் தயார். இவ்வளவையும் சுமந்துகொண்டு மலையேறப்போகும் காரை மட்டும் யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை. ‘நேத்துதான் வாட்டர் சர்வீஸ் விட்டேன்’ என்பதோடு அந்த வேலை முடிந்துவிடுகிறது.

கழுவிய காருக்கும் கவனித்த காருக்கும் உள்ள வித்தியாசத்தைச் சமவெளி சொல்லாது. மலை சொல்லிவிடும்.

கடைசி சமதரை

சீசன் நாள்களில் மேட்டுப்பாளையம் விடிவதற்கு முன்பே விழித்துக்கொள்கிறது. டீக்கடை வாசலில் சென்னை, திருச்சி, மதுரை, பெங்களூரு வண்டிகள் வரிசைகட்டி நிற்கும். பக்கத்திலேயே பஞ்சர் கடைகளும் சிறிய ஒர்க்‌ஷாப்களும் உண்டு. மலைக்கு முன்னால் சமதரையில் நின்று வண்டியைப் பார்க்கக் கிடைக்கும் கடைசி இடம் இதுதான் என்பது அங்கிருக்கும் மெக்கானிக்குகளுக்கு நன்றாகத் தெரியும். காற்று அடிக்க வரும் காரின் முன்சக்கரத்தைக் குனிந்து பார்த்தபடியே பேச்சைத் தொடங்குவார்கள். அந்தப் பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் போகும்.

“ஏனுங்க சார், பிரேக் ஆயில் எப்ப மாத்துனீங்க?”

“போன சர்வீஸ்ல மாத்தியிருப்பாங்கண்ணே.”

“போன சர்வீஸ் எப்பங்க?”

“அது வந்து... பாப்பாவுக்குக் காது குத்தினப்ப.”

“பாப்பா இப்ப ரெண்டாவது படிக்கிறாங்க” என்று பின்சீட்டிலிருந்து மனைவியின் குரல் வரும்.

சிரித்துவிட்டுப் போய்விடலாம். ஆனால், அந்தக் கேள்வியில் விஷயம் இருக்கிறது. வீட்டுக்கும் ஆபீசுக்கும் ஓடுகிற காரில் பிரேக் கொஞ்சம் பலவீனமாக இருந்தால் தெரியாது. பத்து விநாடி மிதிப்போம், வண்டி நிற்கும், அடுத்த சிக்னல் வருவதற்குள் சூடு ஆறிவிடும். ரேடியேட்டரில் கூலன்ட் கொஞ்சம் குறைந்தாலும் ஓட்டம் நிற்காது. டயரின் பட்டன் தேய்ந்திருந்தாலும் வெயிலில் காய்ந்த நேர்ச்சாலையில் வண்டி சமாளித்துவிடும். சமவெளி கடன் கொடுத்துக்கொண்டே இருக்கும். மலைதான் மொத்தமாக வசூலிக்கும்.

கல்லாறு தாண்டினால் கணக்கு ஆரம்பம்

கல்லாற்றைத் தாண்டியதும் முதல் கொண்டை ஊசி வளைவு வந்துவிடும். மேட்டுப்பாளையம் – குன்னூர் பாதையில் இப்படி 14 வளைவுகள். இருபுறமும் காடு, பாறையிலிருந்து ஒழுகும் நீர், தடுப்புச்சுவரில் வரிசையாக உட்கார்ந்திருக்கும் குரங்குகள் என்று கண்ணுக்கு விருந்துதான். பானெட்டுக்குள் வேறு கதை நடக்கிறது.

முதலாம், இரண்டாம் கியரில், குறைந்த வேகத்தில், முழுச்சுமையோடு இன்ஜின் உழைக்கிறது. சாதாரணமாக ஓடும்போது எதிர்க்காற்று ரேடியேட்டரைக் குளிர்விக்கும். மலையில் லாரிக்குப் பின்னால் ஊர்ந்து போகும்போது அந்தக் காற்று கிடையாது. ஃபேனும் கூலன்ட்டும்தான் காப்பாற்ற வேண்டும்.

இங்கே ஒரு சின்ன விஞ்ஞானம். உயரம் கூடக் கூடக் காற்றழுத்தம் குறையும். தண்ணீர் சீக்கிரமே கொதிக்கும். கடற்கரையில் 100 டிகிரியில் கொதிக்கும் தண்ணீர், ஊட்டியில் சுமார் 92 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. அங்கே திறந்த பாத்திரத்தில் பருப்பு வேக நேரமாவது இதனால்தான். குக்கரில் மூடி வைத்தால் சரியாகிவிடும் அல்லவா? காரின் ரேடியேட்டரும் ஒரு குக்கர்தான். அதன் மூடி அழுத்தத்தைத் தாங்கிப் பிடிப்பதால்தான் உள்ளே இருக்கும் திரவம் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கிறது.

குக்கரின் கேஸ்கட் தளர்ந்தால் என்ன ஆகும் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ரேடியேட்டர் மூடியின் ரப்பர் தளர்ந்தாலோ, ரப்பர் ஹோஸில் விரிசல் விட்டாலோ அதேதான். அழுத்தம் நிற்காது, திரவம் பொங்கிவிடும். கூலன்ட் குறைந்தபோதெல்லாம் குழாய்த் தண்ணீரை ஊற்றி ஒப்பேற்றிய வண்டிகளில் உள்ளே துருவும் உப்பும் படிந்து பாதை அடைத்திருக்கும். அவையும் பாதி மலையில் ஆவி கக்கிக்கொண்டு நிற்கும்.

அப்படி நின்றுவிட்டால் செய்யக் கூடாத முதல் காரியம், அவசரப்பட்டு மூடியைத் திறப்பது. அழுத்தத்தில் இருக்கும் கொதிநீர் முகத்தில் பீறிட்டு அடிக்கும். விசில் அடங்காத குக்கரை யாரும் திறப்பதில்லையே! இன்ஜினை நிறுத்திவிட்டு, நன்றாக ஆறும்வரை காத்திருக்க வேண்டும்.

ஏறும்போது இன்னொரு சந்தேகமும் பலருக்கு வரும்: ‘வண்டி இழுக்கவே மாட்டேங்குதே?’ அதில் கொஞ்சம் மலையின் பங்கு. ஊட்டி உயரத்தில் காற்றின் அடர்த்தி சமவெளியைவிடச் சுமார் ஐந்தில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத பெட்ரோல் கார்கள் அந்த அளவுக்குச் சக்தி இழப்பது இயற்கை. அதோடு தூசி அடைத்த ஏர் ஃபில்டரும், தேய்ந்த கிளட்சும் சேர்ந்தால்தான் வண்டி திணறுகிறது. ஏற்றத்தில் நின்று கிளம்பும்போது தீய்ந்த வாடை வந்தால், கிளட்ச் தன் வயதைச் சொல்கிறது என்று அர்த்தம்.

பர்லியாறு வந்ததும் பெரும்பாலான வண்டிகள் ஓரம்கட்டுகின்றன. சீசனில் மங்குஸ்தானும் பலாவும் குவித்து வைத்திருக்கும் பழக்கடைகள், சூடான டீ, பஜ்ஜி. குடும்பம் இளைப்பாறும் அந்தப் பதினைந்து நிமிடம் காருக்கும் ஓய்வு. வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்து, கீழே ஏதாவது ஒழுகுகிறதா, டயர் ஏதாவது உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்க இரண்டு நிமிடம் போதும். பழம் பேரம் பேச ஆகும் நேரத்தைவிடக் குறைவு.

நூறு வயதைத் தாண்டிய பாடம்

சாலைக்குப் பக்கத்திலேயே, காட்டுக்குள் மறைந்தும் தெரிந்தும் இன்னொரு பாதை ஏறுகிறது. நீலகிரி மலை ரயில். 1899-ல் குன்னூர் வரைக்கும், 1908-ல் ஊட்டி வரைக்கும் திறக்கப்பட்ட 46 கிலோமீட்டர் பாதை. 16 குகைகள், 250 பாலங்கள், 208 வளைவுகள். 2005-ல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. காலை 7.10-க்கு மேட்டுப்பாளையத்தில் கிளம்பும் ரயில், ஊட்டி சேர நண்பகல் ஆகிவிடும்.

கல்லாறு முதல் குன்னூர் வரை 12 மீட்டருக்கு ஒரு மீட்டர் என்ற கணக்கில் ஏற்றம். வழுக்காமல் ஏற, தண்டவாளங்களுக்கு நடுவே பல் வைத்த இரும்புச் சட்டம். அதைக் கவ்விப் பிடிக்க இன்ஜினுக்கு அடியில் பல்சக்கரம். இன்ஜின் முன்னால் இழுப்பதில்லை. கீழ்ப்பக்கம் நின்று பெட்டிகளை மேலே தள்ளிக்கொண்டு போகிறது. ஒவ்வொரு பெட்டியிலும் பிரேக் பிடிக்கவே தனியாக ஓர் ஊழியர் நிற்கிறார், கையில் கொடியோடு. பயணிகள் அதை வேடிக்கையாகப் பார்க்கிறார்கள். ரயில்வேக்கு அது வேடிக்கை அல்ல. மலையில் ஏறுவதைவிட நிற்பது முக்கியம் என்று தெரிந்தவர்கள் செய்த ஏற்பாடு அது.

சுவிட்சர்லாந்தின் விண்டர்தூர் நகரில் செய்த நீராவி இன்ஜின்கள் இந்தப் பாதையில் பல பத்தாண்டுகள் உழைத்தன. பிறகு திருச்சி பொன்மலைப் பணிமனையே புதிய இன்ஜின்களைச் செய்து கொடுத்தது. தண்ணீர் பிடிக்க நிற்கும் நிலையங்களில் ஜன்னல் வழியாக எட்டிப் பாருங்கள். ஊழியர்கள் இறங்கி வந்து, எண்ணெய்க் கேனோடு இன்ஜினைச் சுற்றி வருவார்கள். மூட்டுகளுக்கு எண்ணெய் விடுவார்கள், கையால் தொட்டுச் சூடு பார்ப்பார்கள். நேற்றும் பார்த்ததுதான், நாளையும் பார்க்கப் போவதுதான். ‘நேத்து நல்லாத்தானே இருந்துச்சு’ என்று யாரும் விட்டுவிடுவதில்லை.

நூற்றாண்டைத் தாண்டிய ரயில்பாதை இன்னும் ஓடுவதன் ரகசியம் இரும்பின் தரம் மட்டும் அல்ல. தினமும் யாரோ ஒருவர் குனிந்து பார்ப்பதும்தான்.

ஊட்டியின் இரவு

ஊட்டியில் இறங்கியதும் காரை மறந்துவிடுகிறோம். தாவரவியல் பூங்கா, படகு இல்லம், தொட்டபெட்டா, வர்க்கி, சாக்லேட். கார் பாவம், பார்க்கிங்கில் பனியில் நனைந்துகொண்டு நிற்கிறது.

டிசம்பர், ஜனவரியில் தலைக்குந்தா போன்ற தாழ்வான புல்வெளிகளில் உறைபனி படியும். கார் மேல் வெள்ளையாக உப்புத் தூவியதுபோல் இருக்கும். குளிரில் பேட்டரியின் சக்தி குறையும்; இன்ஜின் ஆயிலும் தடித்திருக்கும். அதாவது பேட்டரி பலவீனமாக இருக்கிற அதே காலை நேரத்தில்தான் அதற்கு அதிக வேலை. சென்னையில் ‘டக்’கென்று செல்ஃப் எடுத்த நான்கு வயது பேட்டரி, ஊட்டியில் காலை ஆறு மணிக்கு முனகிவிட்டு நின்றுவிடும். டெர்மினலில் பூத்திருக்கும் வெள்ளைப் பூவைச் சுத்தம் செய்வது, பேட்டரியின் வயதைத் தெரிந்துவைத்திருப்பது, கிளம்பும் முன் கடையில் ஒருமுறை சோதிப்பது, இந்த மூன்றும் செய்தால் ஹோட்டல் வாசலில் குடும்பமே சேர்ந்து வண்டியைத் தள்ள வேண்டியிருக்காது.

மாலையில் இன்னொரு சோதனை. குன்னூர்ப் பக்கம் நாலு மணிக்கே மஞ்சு இறங்கிவிடும். பத்தடிக்கு முன்னால் எதுவும் தெரியாது. அப்போதுதான் ஒரு பக்க ஹெட்லைட் எரியவில்லை என்பதும், வெயிலில் விறைத்துப்போன வைப்பர் ரப்பர் கண்ணாடியைத் துடைக்காமல் கோடு போடுகிறது என்பதும் தெரிய வரும். வருடக்கணக்கில் தள்ளிப்போட்ட சின்னச் செலவு அது. மலையில், மஞ்சில், இருட்டில் அதற்கு விலையே வேறு.

டயரையும் இங்கேயே சொல்லிவிடலாம். ஓரச்சுவரில் ‘டாட்’ என்ற எழுத்துகளைத் தொடர்ந்து வரும் குறியீட்டின் கடைசி நான்கு எண்களைப் பாருங்கள். 2319 என்றிருந்தால் 2019-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் செய்த டயர். பட்டன்களுக்கு இடையே உள்ள பள்ளத்தில் சிறு மேடு ஒன்று இருக்கும். டயர் தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாகிவிட்டால், பட்டனின் ஆழம் 1.6 மில்லிமீட்டர்தான் மிச்சம். மாற்ற வேண்டிய நேரம். மழையில் நனைந்த வளைவில் நீரைப் பிதுக்கி வெளியேற்றித் தரையைப் பிடிப்பது அந்தப் பள்ளங்கள்தான். மொட்டை டயருக்கு அந்தப் பிடி கிடையாது.

இறக்கம்தான் உண்மையான பரீட்சை

ஏறும்போது ஒரு கார் மக்கர் செய்தால் பெரும்பாலும் நின்றுவிடும். அவமானம்தான், ஆபத்து குறைவு. இறங்கும்போது மக்கர் செய்தால் நிற்காது. அங்கேதான் உயிர் சம்பந்தப்படுகிறது.

ஐந்து பேரும் பெட்டிகளும் ஏறிய ஒரு கார் சுமார் 1,500 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அது ஊட்டியிலிருந்து மேட்டுப்பாளையம் வரை சுமார் 1,900 மீட்டர் கீழே வருகிறது. ஏறும்போது பெட்ரோல் செலவழித்துச் சேர்த்துவைத்த ஆற்றல் எல்லாம் இறங்கும்போது வெப்பமாக வெளியேற வேண்டும். கணக்குப் போட்டால், அந்த வெப்பம் ஏறக்குறைய 90 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். வீட்டுக் குளியலறையில் இருக்கும் 15 லிட்டர் கீசர், அதுபோல் ஆறு!

இதில் ஒரு பகுதியைக் காற்றும் டயரும் எடுத்துக்கொள்ளும். பெரும்பகுதியை இன்ஜின் சுமக்கப்போகிறதா, பிரேக் சுமக்கப்போகிறதா என்பதுதான் கேள்வி. கியரைக் குறைத்து இறங்கினால் இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். ‘எந்த கியரில் ஏறினாயோ, அதே கியரில் இறங்கு’ என்று பழைய டிரைவர்கள் சொல்வது இதைத்தான். டாப் கியரில் விட்டுவிட்டுப் பிரேக்கிலேயே காலை வைத்திருந்தால் அத்தனை சூடும் பிரேக்குக்குத்தான் போகும்.

அப்போது என்ன நடக்கிறது? முதலில் பிரேக் பேடு சூடேறிப் பிடிமானம் குறையும். தீய்ந்த வாடை வரும். தேய்ந்து மெலிந்த பேடு என்றால் இது இன்னும் சீக்கிரம். அடுத்து வருவதுதான் பயங்கரம். சூடு பிரேக் ஆயிலுக்குப் போகும்.

பிரேக் ஆயிலுக்கு ஒரு குணம் உண்டு: காற்றிலிருக்கும் ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சிக்கொள்ளும். பிஸ்கட் டப்பாவைச் சரியாக மூடாமல் விட்டால் நமத்துப்போவதுபோல. வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் இது நடக்கும். ‘டாட் 4’ வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்கக் கூடாது என்பது தர விதி. அதில் 3.7 சதவீதம் ஈரம் சேர்ந்துவிட்டால், அதே விதி எதிர்பார்க்கும் கொதிநிலை வெறும் 155 டிகிரி. பார்க்க அதே ஆயில்தான். தாங்கும் சக்தியில் 75 டிகிரி காணாமல் போய்விட்டது.

ஆயில் கொதித்தால் குழாய்க்குள் ஆவிக் குமிழ்கள் உண்டாகும். திரவத்தை அமுக்க முடியாது, ஆவியை அமுக்கலாம். அதனால் பெடலை மிதித்தால் ஆவிதான் அமுங்கும், பிரேக் பிடிக்காது. பெடல் பஞ்சுபோல் தரைவரை போகும்.

இதில் ஒரு பெரிய ஏமாற்று வேலையும் உண்டு. ஓரமாக நிறுத்தி அரை மணி நேரம் ஆறவிட்டால், ஆவி மறுபடி திரவமாகிவிடும். பெடல் பழையபடி கெட்டியாகிவிடும். ‘அட, சரியாயிடுச்சே’ என்று கிளம்பி, ஊர் போய்ச் சேர்ந்து, விஷயத்தையே மறந்துவிடுவார்கள். உண்மையில் எதுவும் சரியாகவில்லை. அடுத்த மலைக்காக அந்தப் பழைய ஆயில் காத்திருக்கிறது. பெடல் ஒருமுறை தரைக்குப் போன வண்டியை ஒர்க்‌ஷாப்பில் விட்டே ஆக வேண்டும்.

பெரும்பாலான தயாரிப்பாளர்கள் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பிரேக் ஆயிலை மாற்றச் சொல்கிறார்கள். அதற்கு ஆகும் செலவு, சுற்றுலாவில் ஒரு குடும்பம் ஹோட்டலில் ஒருவேளை சாப்பிடும் செலவை ஒட்டித்தான் வரும்.

இன்னொரு பழக்கத்தையும் சொல்ல வேண்டும். பெட்ரோல் மிச்சம் பிடிக்கிறேன் என்று நியூட்ரலில் விடுவது, இன்ஜினையே நிறுத்திவிட்டு உருட்டுவது. இன்ஜின் நின்றால் பிரேக்குக்குக் கிடைக்கும் உதவியும் நின்றுவிடும். இரண்டு மூன்று மிதிக்குப் பிறகு பெடல் கல்லாகிவிடும். ஸ்டீயரிங்கும் கனத்துவிடும். மிச்சமாகும் காசு ஒரு டீக்குக்கூடத் தேறாது.

ஆட்டோமேட்டிக் கார் வைத்திருப்பவர்கள் ‘எல்’, ‘2’ அல்லது மேனுவல் நிலையைப் பயன்படுத்த வேண்டும். மின்சாரக் கார்களில் இறங்கும்போது மோட்டாரே வேகத்தைக் கட்டி, பேட்டரிக்குச் சார்ஜும் ஏற்றும். ஆனால், ஊட்டியில் நூறு சதவீதம் சார்ஜ் செய்துவிட்டு இறங்கினால், ஏற்ற இடமில்லாமல் அந்த வசதி குறைந்துவிடும். கொஞ்சம் காலியாக விட்டு இறங்குவதே புத்திசாலித்தனம்.

கோத்தகிரியும் கல்லட்டியும்

சீசன் காலத்தில் ஒருவழிப் போக்குவரத்து வைப்பார்கள். குன்னூர் வழியாக ஏற்றி, கோத்தகிரி வழியாக இறக்குவார்கள். கோத்தகிரியிலிருந்து அரவேணு, குஞ்சப்பனை வழியாக இறங்கும் சாலை அழகானது. தேயிலைச் சரிவுகள், கீழே விரிந்து கிடக்கும் சமவெளி, சில நேரம் சாலையோரத்தில் யானை. நல்ல அகலம், நல்ல தார். அதனாலேயே வேகம் தானாக ஏறும். கால் தானாகப் பிரேக்குக்குப் போகும்.

கல்லட்டிப் பாதை வேறு ரகம். ஊட்டியிலிருந்து தலைக்குந்தா வழியாக மசினகுடிக்கு இறங்கும் இதில் 36 கொண்டை ஊசி வளைவுகள். தூரம் குறைவு, சரிவோ செங்குத்து. கீழ் கியரிலேயே வரச் சொல்லி வழிநெடுகப் பலகைகள். மலைப்பழக்கம் இல்லாதவர்கள் தொடர்ந்து விபத்தில் சிக்கியதால், வெளியூர் வண்டிகள் இந்த வழியாக இறங்கக் காவல்துறை கட்டுப்பாடு விதித்தது. கூகுள் மேப் குறுக்குவழி காட்டுகிறதே என்று சோதனைச் சாவடியில் வாதாடுபவர்கள் உண்டு. மேப்புக்குத் தூரம் தெரியும். உங்கள் பிரேக் ஆயிலின் வயது தெரியாது.

எந்தப் பாதையானாலும் ஏறிவரும் வண்டிக்கு முதல் வழி விடுவது மலைச்சாலையின் சட்டமும் மரியாதையும். நின்று வழிவிட, நிற்கிற பிரேக் வேண்டும்.

‘நல்லாத்தானே ஓடுது?’

காரைச் சரியாகப் பராமரிக்காததற்குப் பலரும் சொல்லும் காரணம் பணம் அல்ல. ‘வருஷத்துக்கு மூவாயிரம் கிலோமீட்டர்கூட ஓடலை. எதுக்கு சர்வீஸ்?’ என்பதுதான். இங்கேதான் தப்புக்கணக்கு. பல தயாரிப்பாளர்கள் ‘10,000 கிலோமீட்டர் அல்லது ஓர் ஆண்டு, எது முதலில் வருகிறதோ அது’ என்று எழுதியிருப்பார்கள். நாம் முதல் பாதியை மட்டும் படிக்கிறோம். ஓடாமல் நின்றாலும் பிரேக் ஆயில் ஈரம் குடிக்கும், பேட்டரி வடியும், டயர் இறுகும், வைப்பர் விறைக்கும், எலி வயரைக் கடிக்கும். தினமும் ஓடும் டாக்ஸியைவிட, மாதம் இரண்டு முறை கோயிலுக்குப் போய்வரும் வீட்டுக் காருக்குத்தான் நாட்காட்டி பார்த்துச் செய்யும் பராமரிப்பு அதிகம் தேவை.

‘இன்ஷூரன்ஸ்தான் இருக்கே’ என்பது இன்னொரு தைரியம். விபத்துக்குக் காப்பீடு உண்டு. தேய்மானத்தால் வரும் பழுதுக்குப் பொதுவாகக் கிடையாது. மலைப்பாதையில் நின்ற வண்டியை மீட்புவாகனம் வைத்துக் கீழே இறக்கினால், அந்த ஒருநாள் செலவில் பல வருட பிரேக் ஆயில் மாற்றியிருக்கலாம். நடுவழியில் குழந்தைகளோடு குளிரில் நின்றதைக் கணக்கில் சேர்க்கவே முடியாது.

பராமரிப்பு ஒன்றும் பெரிய வித்தை அல்ல. பாட்டிக்குப் பிரஷர் மாத்திரை வேளை தவறாமல் எடுத்துவைக்கும் அதே வீடுதான் இது. அந்தக் கவனத்தில் பத்தில் ஒரு பங்கு காருக்கும் போதும். வீட்டு காலண்டரில் காஸ் புக் செய்த தேதி எழுதும் பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. அதற்குப் பக்கத்திலேயே ‘பிரேக் ஆயில்’, ‘பேட்டரி’, ‘டயர்’ என்று மாற்றிய தேதிகளையும் எழுதிவைக்கலாம். அடுத்த முறை யாராவது கேட்டால், காதுகுத்து விழாவை நினைவுபடுத்திப் பார்க்க வேண்டியிருக்காது.

மலைக்குக் கிளம்பும் ஒரு வாரத்துக்கு முன்...

முதல் நாள் மாலை ஒர்க்‌ஷாப்புக்கு ஓடாதீர்கள். பொருள் கிடைக்காது, அவசர வேலையாகிவிடும். ஒரு வாரம் முன்பே இவற்றைப் பாருங்கள்:

• பிரேக்: சக்கரத்தைக் கழற்றி பேடு, லைனிங் தடிமனைப் பார்க்கச் சொல்லுங்கள். பிரேக் ஆயில் மாற்றி இரண்டு ஆண்டு ஆகியிருந்தால், கேள்வியே இல்லாமல் மாற்றிவிடுங்கள். மிதிக்கும்போது கிறீச்சென்று சத்தம் வந்தால் அலட்சியம் வேண்டாம். பேடு தேய்ந்ததற்கான அறிகுறியாக இருக்கலாம்.

• கூலன்ட்: இன்ஜின் ஆறியிருக்கும்போது அளவைப் பாருங்கள். அடிக்கடி குறைந்தால் எங்கோ கசிவு. மூடி, ஹோஸ், ஃபேன் மூன்றையும் சோதியுங்கள்.

• டயர்: ஐந்தையும் பாருங்கள். ஐந்தாவது, டிக்கியில் தூங்கும் ஸ்டெப்னி. காற்றழுத்தத்தை டயர் சூடாகும் முன்பே பாருங்கள். எவ்வளவு வேண்டும் என்பது டிரைவர் பக்கக் கதவின் ஓரத்தில் ஒட்டியிருக்கும். முழுச்சுமைக்குத் தனி அளவு இருந்தால் அதுவே சரி.

• பேட்டரி, விளக்கு, வைப்பர்: இரவில் சுவருக்கு எதிரே நிறுத்தி எல்லா விளக்குகளையும் போட்டுப் பாருங்கள். பிரேக் லைட்டைப் பார்க்கப் பின்னால் ஒரு ஆளை நிற்கவையுங்கள். வீட்டுப் பிள்ளைகளுக்குப் பிடித்த வேலை அது.

• ஹேண்ட் பிரேக்: லேசான சரிவில் நிறுத்தி, இழுத்துவிட்டுப் பாருங்கள். வண்டி நகரக் கூடாது. சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்க ஒரு கட்டை டிக்கியில் இருக்கட்டும். ஜாக்கியும் ஸ்பேனரும் இருக்கின்றனவா, எப்படிப் பயன்படுத்துவது என்பதையும் வீட்டு வாசலிலேயே ஒருமுறை பழகிக்கொள்ளுங்கள்.

• திரும்பி வந்த பிறகு: மலையிறங்கிய வண்டியின் பேடு, ஆயில், டயர் மூன்றையும் மறுபடி ஒருமுறை காட்டுங்கள். செலவான மருந்துப்பெட்டியை நிரப்பி வைப்பது மாதிரி.

இவை அத்தனையும் சரியாக இருந்தால் என்ன நடக்கும்? எதுவுமே நடக்காது. வண்டி ஏறும், இறங்கும், வீடு வந்து சேரும். போட்டோவில் மஞ்சு இருக்கும், தேயிலை இருக்கும், வர்க்கி தின்னும் குழந்தை இருக்கும். கார் எங்கேயும் இருக்காது. யாரும் அதைப் பற்றிப் பேசவும் மாட்டார்கள். அதுதான் ஒழுங்காகப் பராமரித்த காருக்குக் கிடைக்கும் சான்றிதழ்.